முதுமை ஒரு குற்றமா?

சில திங்களுக்கு முன்னர் உறவினர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஐம்பது வயதைக் கடந்த அவ்வீட்டு அம்மையார், பேச்சின் நடுவே எழுந்து உள்ளே சென்று, கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் கொணர்ந்து நம்முன் வைத்தார். துபாயில் பணிபுரியும் மகள் அனுப்பிய அன்பளிப்பு அது. ஒரு முனையில் பளபளக்கும் இரு உலோக உருண்டைகள். பிடியில் ஒரு பொத்தான். உள்ளே சிறியதொரு பாட்டரி. முகத்தில் ஒருவகைக் கூழைத் தடவி, அவ்வுருண்டைகளைத் தாடையிலிருந்து மேல்நோக்கி மெல்ல நகர்த்திவந்தால் தளர்ந்த முகம் இறுகும், சுருக்கம் மறையும், இளமை திரும்பும் என்று அதனுடன் வந்த தாள் கூறிற்று.

"தம்பி, இதைப் பூசிப் பிடிப்பது கூடுமா, கூடாதா?" என்று அவர் வினவினார். நாம் விடை கூறுமுன் அவரே தணிந்த குரலில் மேலும் சொன்னார்: "போன வாரம் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் எங்க உம்மா நிற்பது போல இருந்தது. பயந்துபோய்விட்டேன்."

அவருடைய வினாவைக் காட்டிலும் அதன்பின் வந்த சொற்களே நம் உள்ளத்தில் தைத்தன. பெற்ற தாயின் முகத்தைக் கண்டு ஒரு மகள் அஞ்சுவானேன்? அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு சிறு கருவியைப் பற்றிய வினாவுக்குள் நம் காலத்தின் பெரியதொரு வினா ஒளிந்திருக்கக் கண்டோம். மார்க்கச் சட்டத்தின் தீர்ப்பை உலமாப் பெருமக்களிடம் கேட்டறிவதே முறை. ஃபத்வா வழங்க நாம் முன்வரவில்லை. ஆயினும் கூடும், கூடாது என்னும் எல்லைக்கு அப்பாலும் எண்ணிப் பார்க்கவேண்டியவை உண்டு. அவற்றையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

கருவி வந்த வழி

எந்தப் பொருளைப் பற்றியும் நன்று, தீது என்று உரைக்குமுன் அஃது என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். அறியாமல் வெறுப்பதும், அறியாமல் விரும்புவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்களாகும்.

உயிருள்ள உடலுக்கும் மின்சாரத்திற்கும் உள்ள தொடர்பை இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் வாழ்ந்த லூயிஜி கால்வானி என்னும் மருத்துவ அறிஞர் தவளைக் கால்களைக் கொண்டு ஆராய்ந்தார். 1791-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய மருகர் அல்தீனி 1803-இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காட்டினார். தாடை துடித்தது, முகம் கோணிற்று, ஒரு கண் திறந்தது. கண்டோர் நடுங்கினர். உயிர் போயிருந்தது, முகம் மட்டும் அசைந்தது.

நம் உடலே ஒரு மெல்லிய மின்னோட்டத்தின் இருப்பிடம் என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. துபோயிஸ் ரேமோன் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1843-இல் தம் விரலில் ஏற்பட்ட வெட்டுக் காயத்திலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் வெளிப்படுவதை அளந்தறிந்தார். காயம் ஆறுவதற்கு அம்மின்னோட்டமும் துணைசெய்கிறது என்று இன்றைய அறிவியல் கருதுகின்றது. நாம் அறியாமலே நம் தோலுக்குள் இத்தகைய ஏற்பாட்டை அமைத்துவைத்த படைப்பாளனின் நுட்பத்தை எண்ணும்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

இன்று விற்பனையாகும் கருவி செலுத்துவது ஓர் ஆம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஆம்பியர் கணக்கில் அளக்கப்படும் நுண் மின்னோட்டம். கைவிளக்கின் குமிழ் இழுத்துக்கொள்வது இதனிலும் பல நூறு மடங்கு மிகுதி. 1982-இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் சிலர், எலியின் தோல் துண்டுகளில் இத்தகைய மின்னோட்டத்தைச் செலுத்தினர். சில நூறு மைக்ரோ ஆம்பியர் வரையில் உயிரணுக்களின் எரிபொருள் எனத்தக்க ஏடிபி என்னும் பொருள் பெருகியது. ஆயிரத்தைத் தாண்டியபோது அப்பயன் குன்றியது. இக்கருவிகளின் விளம்பரங்களுக்கெல்லாம் அடித்தளமாக எடுத்துக்காட்டப்படுவது பெரும்பாலும் இவ்வாராய்ச்சியே. எலித் தோலின் துண்டு வேறு. உயிரோடு உலவும் மனிதரின் முகம் வேறு. முகத்தில் ஓரளவு பலன் கண்டதாகக் கூறும் ஆய்வுகளும் உண்டு. எனினும் அவை சிறு குழுவினரிடம் சில வாரங்களே நிகழ்த்தப்பட்டவை.

பலன் தெரிந்தாலும் அது நிலைப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஐந்து நிமிடமேனும் தொடர்ந்து செய்துவர வேண்டும் என்றும், நிறுத்திவிட்டால் முகம் பழைய நிலைக்கே மீளும் என்றும் விற்போரே சொல்லுகின்றனர். இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர், வலிப்பு நோயுடையவர், கருவுற்ற பெண்கள், புற்றுநோய்க்கு ஆளானோர் ஆகியோர் இதனைத் தொடலாகாது என்னும் எச்சரிக்கையும் அத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது. பெரிய எழுத்தில் இருப்பது இளமை; சிறிய எழுத்தில் இருப்பது உண்மை! அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இசைவளித்தது என்று சில விற்பனையாளர் முழங்குவர். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிடைக்கும் அவ்விசைவுக்குப் பெரும்பாலும் இதற்கு முன்னரே சந்தையிலுள்ள கருவியை இது ஒத்திருக்கின்றது என்பதே பொருளாகும். இளமை திரும்பும் என்று அரசு உறுதிமொழி அளித்ததாகப் பொருளன்று.

முகம் தளர்வதற்குரிய காரணங்கள் ஆழமானவை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் ஆண்டுதோறும் குறைகின்றது; கொழுப்பு இடம் பெயர்கின்றது; முகத்தின் எலும்பும் சுருங்குகின்றது. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் புகையிலையும் இவற்றை விரைவுபடுத்துகின்றன. இவ்வளவையும் இரு உலோக உருண்டைகள் எதிர்த்து நின்று மாற்றிவிடும் என எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது.

அழகை வெறுத்ததா மார்க்கம்?

இவ்வளவு கூறியபின், "ஆகவே இதனைத் தூக்கி எறியுங்கள், முகத்தை மினுக்குவது வீண் பகட்டு" என்று முடித்துவிடுவது எளிது. நம்மவருள் பலர் அவ்வாறே முடிப்பர். அது நேர்மையான முடிவாகுமா?

அழகிய ஆடையையும் அழகிய காலணியையும் தான் விரும்புவது பெருமையாகிவிடுமோ என்று ஒருவர் அஞ்சியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இறைவன் அழகானவன், அழகை விரும்புபவன் என்று அவருக்குத் தெளிவுறுத்தினார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். அர்ஃபஜா (ரலி) என்னும் தோழர் அறியாமைக் காலத்துப் போர் ஒன்றில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தியபோது அது நாற்றமெடுத்தது. ஆண்களுக்குப் பொன்னைத் தடுத்த அதே நாயகம் (ஸல்) அவர்கள், அவருக்குப் பொன்னால் மூக்குச் செய்துகொள்ளச் சொன்னார்கள். சிதைந்த முகத்தோடு மக்கள் முன் நிற்கும் மனிதனின் வேதனையை மார்க்கம் அறியும். அதனைப் பகட்டு என்று அது தள்ளிவிடவில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. அழகிற்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வோரையும், பச்சை குத்துவோரையும், இறைவனின் படைப்பை மாற்றுவோர் என்று நபிமொழி கண்டிக்கின்றது. குறையை நீக்குவதற்கும், குறையே இல்லாத இடத்தில் குறையைக் கற்பித்துக்கொண்டு படைப்பைத் திருத்த முற்படுவதற்கும் உள்ள வேற்றுமையை அறிஞர்கள் இங்கே சுட்டிக்காட்டினர்.

நாம் பேசும் கருவி எதனையும் வெட்டுவதில்லை, குத்துவதில்லை, நிலையாக மாற்றுவதுமில்லை. இவ்வகையில் பார்த்தால் அது கண்ணுக்கு இடும் சுர்மாவுக்கும், கைக்கு இடும் மருதாணிக்கும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் அருகில் நிற்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது. அங்ஙனமாயின், சிக்கல் கருவியில் இல்லை. அதனை ஏந்தும் கைக்குப் பின்னால் உள்ள நிய்யத்திலேயே இருக்கின்றது.

மறைப்பும் மிகையும்

முதலாவதாக உண்மையைப் பற்றிப் பேசுவோம். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தையார் அபூ குஹாஃபா, வெண்பூப் போல் நரைத்த தலையோடு அழைத்துவரப்பட்டார். அந்நரையின் நிறத்தை மாற்றும்படியும், கருமையைத் தவிர்க்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். முதியவரின் தலைக்கு அழகு சேர்ப்பதை அவர்கள் தடுக்கவில்லை. அதனைத் தாமே ஏவினார்கள். கருமையைத் தவிர்க்கச் சொன்னதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களுள், வயதை மறைத்துப் பிறரை ஏமாற்றுவதற்கு அது வழியாகிவிடக்கூடும் என்பதும் ஒன்று. அழகுபடுத்துவது வேறு, ஏமாற்றுவது வேறு. பெண் பார்க்கும் இடத்திலும் மாப்பிள்ளை பார்க்கும் இடத்திலும் பத்தாண்டுகளை ஒளித்துவைக்கும் நோக்கம் இருக்குமாயின், அங்கே கையிலிருப்பது கருவியாயினும் சாயமாயினும் குற்றம் ஒன்றே.

அடுத்தது அளவு. இக்கருவிகள் மலிவானவை அல்ல. பெயர்பெற்ற கருவியொன்றின் விலை சில நூறு டாலர். நம் நாட்டுப் பணத்தில் பல ஆயிரங்கள். அத்துடன் தீர்ந்துபோகும் கூழைத் திரும்பத் திரும்ப வாங்கியாக வேண்டும். நிறுத்தினால் பயன் போய்விடும் என்பதால் இது முடிவற்ற செலவு. வசதியுள்ளவர் தம் கடமைகளை நிறைவேற்றியபின் செலவிடுவதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிலுவையில் நிற்க, நம் கன்னத்தின் மடிப்புக்கு மாதந்தோறும் காணிக்கை செலுத்துவோமாயின், அங்கே வீண்விரயம் என்னும் வாசல் திறந்துவிட்டது என்பதை மறந்துவிடலாகாது.

நாள்தோறும் ஐந்து நிமிடம் எவ்வாறு ஒதுக்குவது என்று கேட்போர்க்கு ஒரு நினைவூட்டல். நாளொன்றுக்கு ஐந்து வேளை முகத்தை நீரால் கழுவும் கூட்டத்தார் நாம். ஒளூவின் அடையாளத்தால் மறுமையில் இவ்வும்மத்தினரின் முகமும் கைகால்களும் ஒளிரும் என்றும், அவ்வொளியைக் கொண்டே நாயகம் (ஸல்) அவர்கள் தம் மக்களை இனங்காண்பார்கள் என்றும் ஹதீஸ் நூல்களில் படிக்கின்றோம். அம்முகப் பொலிவுக்கு விலையும் இல்லை. நிறுத்தினால் மறைந்துவிடும் என்று மிரட்டும் வணிகரும் இல்லை.

புன்னகையின் தழும்பு

1862-இல் பிரெஞ்சு மருத்துவர் துஷென் வெளியிட்ட நூலொன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. முகத்தில் உணர்ச்சி குன்றிய ஒரு முதியவரின் முகத்தில் மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு தசையாகத் தூண்டி, நிழற்படம் எடுத்தார் அவர். அச்சமும் துயரமும் வியப்பும் சிரிப்பும் அந்த முகத்தில் மாறிமாறித் தோன்றின. உள்ளே அச்சமும் இல்லை, துயரமும் இல்லை! பத்தாண்டுகள் கழித்து, உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றித் தாம் எழுதிய நூலில் டார்வின் அப்படங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்.

துஷென் கண்ட உண்மைகளுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. வாயின் ஓரங்களை உயர்த்தும் தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்படும். எவரும் அதனை இழுத்துச் சிரிப்பதுபோல் காட்டலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ அவ்வளவு எளிதாக ஏவலுக்குப் பணிவதில்லை. உள்ளம் மெய்யாகவே மகிழும்போதுதான் பெரும்பாலும் அது சுருங்கி, கடைக்கண்ணில் கோடுகளை வரைகின்றது. அதனாலேயே மெய்யான புன்னகைக்கு அறிவியலார் இன்றும் அவர் பெயரைச் சூட்டி வழங்குகின்றனர்.

இங்கே சற்று நிற்போம். சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பதும் தருமமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. தருமம் செய்தவரின் கணக்கு வானவர் ஏட்டில் இருக்கும். அதன் நகல் ஒன்று அவருடைய கடைக்கண்ணிலும் எழுதப்பட்டுவிடுகின்றது! ஐம்பது ஆண்டுகள் விருந்தினரை வரவேற்று, பேரக் குழந்தைகளை அள்ளி, துயருற்ற அயலாருக்கு ஆறுதல் கூறிப் புன்னகைத்த முகத்தில் படிந்த கோடுகள், அந்த ஐம்பது ஆண்டுகளின் சான்றுகள். நாம் எதனை அழிக்க முற்படுகின்றோம் என்பதை அறிந்துகொண்டாவது முற்படவேண்டாமா? நரையைப் பிடுங்கி எறியவேண்டாம், அது விசுவாசிக்கு ஒளி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதன் ஆழம் இப்போது ஓரளவு விளங்குகின்றது.

அச்சத்தை விதைத்தவர் யார்?

"இப்படியெல்லாம் எழுதுவது எளிது. உலகம் எங்கள் முகத்தைக் கொண்டுதானே எங்களை மதிக்கின்றது?" என்று நம் சகோதரிகள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. அதற்கு முகம் கொடுக்காமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

ஒரு பெண் தன் முகத்தின் முதல் சுருக்கத்தைக் கண்டு அஞ்சுகிறாள் எனில், அவ்வச்சம் அவளோடு பிறந்ததன்று, மற்றவர் ஊட்டியது. கல்யாண வீட்டில், "என்ன, இப்படிக் கிழடு தட்டிவிட்டாயே!" என்று வாய்கூசாமல் கேட்பவர் நாமே. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் நிறத்தையும் தோலையும் சந்தைச் சரக்கைப்போல் எடைபோட்டுவிட்டு வருபவர் நாமே. தொந்தி விழுந்து, வழுக்கை படர்ந்து, தாம் முதுமையடைவதைக் கம்பீரம் என்று கருதிக்கொள்ளும் கணவர்மார், மனைவி முதுமையடைவதை மட்டும் குறையாகக் கண்டு குத்திக்காட்டுவதும் உண்டு. நாம் விதைத்த அச்சத்தைத்தான் வணிகர் அறுவடை செய்து பெட்டியில் அடைத்து நமக்கே விற்கின்றனர்.

ஸல்மான் (ரலி) அவர்கள் ஒருமுறை அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றபோது, அவருடைய துணைவியார் அழுக்கேறிய ஆடையுடன் தோற்றத்தில் அக்கறையின்றி இருக்கக் கண்டார்கள். காரணம் வினவியபோது, கணவருக்கு இவ்வுலக வாழ்வில் நாட்டமில்லை என்பது தெரியவந்தது. ஸல்மான் (ரலி) அவர்கள் அப்பெண்மணிக்கு உபதேசம் செய்யவில்லை. கணவரையே அழைத்து, உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமைகள் உண்டென்று அறிவுறுத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அதனைச் சரியென்றே ஏற்றார்கள். மனைவியின் முகத்தில் தெரிந்தது கணவரின் புறக்கணிப்பு என்பதை அத்தோழர் உடனே உணர்ந்துகொண்டார். மனைவி தமக்காக அழகுபடுத்திக்கொள்வதை விரும்புவதைப் போலவே, தாமும் அவளுக்காக அழகுபடுத்திக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். இவ்விரு செய்திகளையும் நம் ஆண்மக்கள் நெஞ்சில் பதித்துக்கொண்டால், எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கருவிகளுக்கு வேலை இல்லாமற் போகும்.

பலவீனத்திலிருந்து வலிமையையும், வலிமைக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் இறைவன் அமைத்தான் என்று திருமறையின் 30-ஆம் அத்தியாயம், 54-ஆம் வசனம் உணர்த்துகின்றது. முதுமை ஏதோ தவறிப்போய் நம்மீது விழுந்த விபத்தன்று. குழந்தைமையையும் இளமையையும் அமைத்தவனே அதனையும் அமைத்தான். சுவர்க்கம் புக வேண்டித் துஆச் செய்யுமாறு கேட்ட மூதாட்டியிடம், கிழவியர் அங்கே நுழைவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளையாட்டாகக் கூறினார்கள். அவர் அழுதபோது, அங்கே அவர் இளமையோடு நுழைவார் என்று விளக்கி மகிழ்வித்தார்கள். வாடாத இளமை வாக்களிக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அஃது இவ்வுலகம் அன்று.

அம்மையாருக்கு நாம் கூறியது

அன்று அவ்வம்மையாரிடம் நாம் கூறியது மிகச் சுருக்கமே. "இதயக் கோளாறும் வலிப்பும் இல்லையென்றால், மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, மகளின் அன்பளிப்பை மகளின் அன்புக்காகப் பயன்படுத்துங்கள். மார்க்கத் தீர்ப்பை ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் ஒன்று: சிறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, கண் விழித்ததும் நீங்கள் தேடிய முகம் எது?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எங்க உம்மாவுடையதுதான்" என்றார்.

அந்த முகத்தில் அன்று சுருக்கம் இருந்ததா என்று கேட்டோம். நினைவில்லை என்றார். நினைவிருக்க நியாயமில்லை. அன்பு செலுத்திய முகத்தில் எந்தக் குழந்தையும் சுருக்கத்தை எண்ணியதில்லை. அதே முகம் இன்று கண்ணாடியில் தம்மைத் தேடி வந்திருக்கின்றது என்றால், அஃது அஞ்சத்தக்க செய்தியா? மறைந்த தாயை நாள்தோறும் காணும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கின்றது? அவருடைய கண்கள் கலங்கின, உடனே சிரித்தார். கடைக்கண்ணில் கோடுகள் எழுந்தன. எந்த மின்னோட்டமும் வரைய முடியாத கோடுகள் அவை.

கண்ணாடியின் முன் நிற்கும்போது, தன் தோற்றத்தை அழகாக்கிய இறைவனிடம் தன் குணத்தையும் அழகாக்குமாறு வேண்டும் துஆ நம்மிடையே வழங்கிவருகின்றது. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனித உள்ளத்தையே கண்ணாடிக்கு ஒப்பிட்டு, பாவத்தால் அது துருப்பிடிப்பதையும், இறை நினைவால் அது துலங்குவதையும் விளக்கினார்கள். சுவரில் தொங்கும் கண்ணாடிக்கு ஐந்து நிமிடம் கொடுப்போர், அந்த மற்றொரு கண்ணாடிக்கும் ஐந்து நிமிடம் கொடுப்பாராயின், அவர் கையில் உள்ள கருவியால் அவருக்குத் தீங்கு நேராது.

இறைவன் நம் உருவங்களைப் பார்ப்பதில்லை. உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கின்றான் என்னும் நபிமொழியை அறியாதார் நம்மில் இல்லை. அறிந்ததை நம்பி வாழும் துணிவையும், நம் வீட்டு முதியோரின் முகங்களைக் கண்ணியத்தோடு நோக்கும் பண்பையும், ஒருவர் முகத்தின் வயதைச் சொல்லி அவர் உள்ளத்தைப் புண்படுத்தாத நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.